கதவுள்ள ஓர் அறை கேட்கிறோம்

எங்கள் வலயத்தின் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி அவர்களுக்கும், மலையகத் தமிழ்ப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

‘தனிமைப்படுத்தல்’ என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது 2020 மார்ச்சில். 20ஆம் திகதி பின்னேரம் நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். அந்த வாரமே எங்கள் தோட்டத்துக்கு ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று வந்தது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் 14 நாள் தனி அறையில் இருக்க வேண்டும், தனிக் கழிவறை பாவிக்க வேண்டும் என்று அறிவித்துக்கொண்டே போனார்கள். இஸ்தோப்பில், அதாவது வீட்டின் முன் திண்ணையில், உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மாயி கை நிறுத்திக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “தனி அறையா? அது யாரு வீட்டுலடி இருக்கு?”

எங்களுடையது லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நடுக் காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி ஓர் அறை, பின்னால் குசினி, முன்னால் இஸ்தோப்பு. அப்பா, அம்மா, அம்மாயி, நான், தம்பி, ஊரடங்குக்கு முதல் நாள் கொழும்பிலிருந்து ஓடிவந்த சித்தப்பா என்று ஆறு பேர். இரண்டு பக்கச் சுவருக்கு அந்தப் பக்கமும் ஆட்கள். சுவர் கூரையைத் தொடாது. அங்கே ஒருவர் இருமினால் இங்கே ஒருவர் எழும்பித் தண்ணீர் குடிப்பார்.

அன்று எனக்கு வயது 17, உயர்தரம் முதலாம் வருடம். தம்பி பத்தாம் வகுப்பு. இன்று நான் காலையில் தோட்டத்து முன்பள்ளியில் வேலை செய்கிறேன். பின்னேரம் நான்கு மணியிலிருந்து கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறேன். சம்பளம் இல்லாத வேலை. ஆனால் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்தால் தோட்டத்தில் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

இத்தனை வருடம் கழித்து ஏன் இந்தப் பழங்கதை என்று நீங்கள் கேட்கலாம். முகக்கவசத்தைக் கழற்றிவிட்டோம், பாடசாலைகள் திறந்தாயிற்று, பரீட்சைகள் நடக்கின்றன. சரிதான். ஆனால் அந்த முடக்கத்துக்குள் போன பிள்ளைகளில் சிலர் இன்னும் வெளியே வரவில்லை. அவர்கள் உங்கள் பதிவேடு எதிலும் இல்லாததால் உங்களுக்குத் தெரியவில்லை.

உலக சுகாதார ஸ்தாபனம் 2022 மார்ச்சில் ஒரு கணக்குச் சொன்னது. கொவிட்டின் முதல் வருடத்தில் மட்டும் மனப்பதற்றமும் மனச்சோர்வும் உலகம் முழுக்க 25 வீதம் கூடிவிட்டன, இளையோரும் பெண்களும்தான் அதிகம் அடிபட்டார்கள் என்று. அதற்கு முந்தைய வருடம் வந்த இன்னொரு ஆய்வு, பல நாடுகளில் செய்த 29 ஆய்வுகளைச் சேர்த்து, 80,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பார்த்தது. நான்கில் ஒரு பிள்ளைக்கு மனச்சோர்வின் அறிகுறிகள், ஐந்தில் ஒன்றுக்குப் பதற்றத்தின் அறிகுறிகள். வாசித்துவிட்டு ஒன்றைத்தான் யோசித்தேன். அந்த எண்பதாயிரத்தில் எங்கள் மலைப் பிள்ளை ஒன்றாவது இருந்திருக்குமா?

அந்த ஆய்வுகளைப் பற்றி வந்த கட்டுரைகள் எல்லாம் தனிமையைப் பற்றியே பேசின. மாடி வீட்டில் தனி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கணினிக்கு முன்னால் இருக்கும் பிள்ளை. எங்கள் கதை வேறு. எங்களுக்குச் சாத்திக்கொள்ளக் கதவே இல்லை. ஆறு பேருக்கு நடுவில், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல், தனித்துப் போனோம். இதைப் புரிந்துகொள்ளாமல் கொழும்பில் போடுகிற திட்டத்தை அப்படியே மொழிபெயர்த்து எங்களுக்கு அனுப்பினால் அது வேலை செய்யாது. வேலை செய்யவும் இல்லை.

கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாடு வீட்டுக்குள் இருந்தபோது பெருந்தோட்டங்கள் மூடவில்லை. தேயிலை ஏற்றுமதி நிற்கக் கூடாது என்று ஊரடங்கிலிருந்து எங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். காலையில் வேலைக்கு ஆட்களைப் பிரித்து அனுப்புகிற பெரட்டுக் கூடியது, அம்மா கூடையோடு மலைக்குப் போனார். அப்போது அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. ஆயிரம் ரூபா வந்தது 2021இல்தான். வீட்டில் இருந்தால் பேர், அதாவது அன்றைய நாட்சம்பளக் கணக்கு, விழாது, பேர் விழாவிட்டால் சமையல் இல்லை. ஆகவே முடக்கம் என்பது எங்களைப் பொறுத்தவரை பிள்ளைகளுக்கு மட்டும் போட்ட முடக்கம். பெரியவர்கள் ஏழு மணிக்குப் போய் ஐந்து மணிக்கு வந்தார்கள். நடுவில் பெண் பிள்ளைகள் தண்ணீர் பிடித்து, விறகு பார்த்து, சின்னதுகளுக்கு றொட்டி சுட்டுக் கொடுத்து, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினோம். பையன்கள் சுவரில் சாய்ந்துகொண்டிருந்தார்கள். கிரிக்கெட் இல்லை. கோயில் திருவிழா இல்லை. வாலிபப் பிள்ளைகள் இரவிரவாய் விழித்திருந்து தங்களைக் காட்டுகிற இடம் காமன் கூத்து. அதுவும் போனது.

பாடசாலை எங்களுக்குப் படிக்கிற இடம் மட்டும் இல்லை, ஐயா. தோட்டம் அல்லாத ஒரே இடம் அதுதான். வெள்ளைச் சீருடையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் நான் இன்னாரின் மகள், இந்த லயத்துக்காரி என்பதெல்லாம் இறங்கிவிடும். ஆறு மணி நேரம் நான் வேறு ஆள். அந்த ஆறு மணி நேரத்தைத்தான் எடுத்தார்கள். நோய்க்காக எடுத்தார்கள், தவறு என்று சொல்லவில்லை. பதிலுக்கு என்ன தந்தார்கள் என்பதே என் கேள்வி.

தந்தது இணையவழி வகுப்பு. எங்கள் வீட்டில் இருந்த டச் ஃபோன் ஒன்று, அது சித்தப்பாவுடையது. சிக்னல் வருவது கோயிலுக்கு மேலே இருக்கும் பாறையில் மட்டும். மலையகத்தில் பிள்ளைகள் பாறையிலும் மரத்திலும் ஏறிப் படித்த படங்கள் 2021இல் வெளிநாட்டுச் செய்திகளில்கூட வந்தன, நீங்களும் பார்த்திருப்பீர்கள். படத்தில் தெரியாதது ஜூன் மாதத்து மழை, காலில் ஏறும் அட்டை, தேயிலைக்குள் இருக்கும் குளவிக்கூடு. பார்த்தவர்கள் ‘என்ன விடாமுயற்சி’ என்று பாராட்டினார்கள். எனக்கு அந்தப் பாராட்டு இன்றுவரை பிடிக்காது. 

ஆனால் தம்பியை உடைத்தது பாறை இல்லை. ஒரு நாள் மழை விடவில்லை. அதிசயமாக இஸ்தோப்பின் மூலையில் இரண்டு கோடு சிக்னல் வந்தது. சூம் வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டார். தம்பி கணிதத்தில் கெட்டிக்காரன். மைக்கைத் திறந்து பதில் சொல்லத் தொடங்கினான். அதே நேரம் பக்கத்துக் காம்பராவில் சண்டை. குடித்துவிட்டு வந்தவரின் வாயிலிருந்து வந்ததெல்லாம் நாற்பது பேருக்கும் போய்ச் சேர்ந்தது. யாரோ சிரித்தார்கள். ஆசிரியர், “தம்பி, மைக்கை மூடுங்க” என்றார். அவர் கோபப்படவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அன்று பின்னேரம் வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் அந்தக் கெட்ட வார்த்தைகளை வைத்து ஒருவன் பகிடி போட்டான். எங்கள் வீட்டுச் சண்டைகூட இல்லை அது.

அதற்குப் பிறகு தம்பி மைக்கைத் திறக்கவே இல்லை. முதலில் வகுப்பில், அப்புறம் வீட்டில்.

டேட்டாப் பொதிகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பகலுக்குக் கொஞ்சம், நள்ளிரவுக்குப் பிறகு தாராளம். சித்தப்பாவின் ஃபோனும் இரவில்தான் சும்மா இருக்கும். அதனால் பாடக் குறிப்புகளை இறக்குவதற்கென்று பன்னிரண்டு மணிக்குப் போய்க் குளிரில் நின்றவன், பிறகு விளையாட்டுக்காக நின்றான், பிறகு சும்மாவே நின்றான். ராவெல்லாம் விழிப்பு, பகலெல்லாம் போர்வைக்குள். ஓரறை வீட்டில் பகலில் ஒருவன் படுத்திருந்தால் அது எல்லோருடைய பிரச்சினை. அப்பா திட்டினார். அம்மா அழுதார். சித்தப்பா ஃபோனைப் பிடுங்கினார். யாரும் கெட்டவர்கள் இல்லை. அவனைத் தனியாகக் கூப்பிட்டு என்னடா என்று கேட்பதற்கு ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான். எதைக் கேட்டாலும் லயம் முழுக்கக் கேட்டதாக ஆகிவிடும்.

2020 ஒக்டோபரில் இரண்டாம் அலை வந்தது. நவம்பரில் தீபாவளி. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்த பிள்ளைகள் ஊருக்கு வந்தார்கள். எங்கள் லயத்தில் ஒரு பையனுக்குத் தொற்று என்று வந்ததும் லயத்துக்கு முன்னால் கயிறு கட்டினார்கள். 14 நாள். வந்த பையனைத் தன் பெற்றோர்கூட முறைத்தார்கள். ஒரு தீபாவளி முழுக்க ஒரு 19 வயதுப் பிள்ளை ‘நோயைக் கொண்டுவந்தவன்’ என்ற பெயரோடு பத்து வீட்டுக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. நாள் முடிந்து கயிற்றை அவிழ்த்தவர் அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போயிருக்கலாம்.

பிறகு நடந்ததை ஓடிச் சொல்லிவிடுகிறேன். 2021 ஏப்ரல் கடைசியில் மறுபடி பாடசாலைகள் மூடின. ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினார்கள். அவர்கள் கேட்டது நியாயம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை இன்னொரு முடக்கம். நான் எழுத வேண்டிய 2021ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரிக்குப் போனது. தம்பியின் சாதாரண தரம் 2022 மே 23க்குப் போனது. அதற்குள் பொருளாதார நெருக்கடி. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்கூடக் கரண்ட் இல்லை. ஜூனில் எரிபொருள் இல்லை என்று மறுபடியும் பாடசாலை மூடல். பிள்ளைகளின் மனதுக்கு இவையெல்லாம் தனித்தனி நிகழ்வுகள் இல்லை. 2020 மார்ச்சில் நின்ற கடிகாரம் 2022 வரை ஓடவே இல்லை என்றுதான் எங்கள் வயதுக்காரர்கள் சொல்வார்கள்.

தம்பி பரீட்சை எழுதினான். எழுதி முடித்த கையோடு கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். பெறுபேறு நவம்பரில் வந்தது. அவன் பார்க்கவில்லை, நான்தான் அவனுடைய சுட்டெண்ணைப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது பாடத்தில் எட்டில் சித்தி. கணிதத்தில் பி. சந்தோஷத்தில் கை நடுங்க அழைத்தேன். அந்தப் பக்கம் பொதி கட்டுகிற டேப்பை இழுக்கும் சத்தம். “அதுக்கென்னக்கா இப்ப?” என்றான்.

அவன் சித்தியடையாமல் விலகியிருந்தால் நீங்கள் ‘கற்றல் இழப்பு’ என்று எழுதியிருப்பீர்கள். அதற்குத் திட்டம் இருக்கிறது, மேலதிக வகுப்பு இருக்கிறது, செயலட்டை இருக்கிறது. எட்டுப் பாடம் சித்தியடைந்தும் திரும்பி வராத பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதை இதுவரை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை. 2021 நவம்பரில் மேல் வகுப்புகள் திறந்த நாள், பஸ்ஸில் நெரிசல். ஹட்டன் வருவதற்கு முன் எனக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. கை விரல் மரத்துப்போனது. மூச்சுக் கிடைக்கவில்லை. செத்துவிடுவேன் என்று நிச்சயமாக நினைத்தேன். இறங்கி வடிகால் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அது வாரத்துக்கு இரண்டு முறை வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் வாயு என்று மாத்திரை தந்தார்கள். அம்மாயி திருநீறு போட்டு, எலுமிச்சம்பழம் சுற்றினார். பக்கத்து வீட்டு அத்தை, “வயசுப் புள்ள, எதையாவது பாத்துப் பயந்திருக்கும்” என்றார். கடைசியில் மாமா ஓர் அரசாங்க வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எந்த வைத்தியசாலை என்பது இங்கே முக்கியம் இல்லை, எங்கே போயிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

வைத்தியர் நல்லவர். இளம் வயது. சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். எனக்குக் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குச் சிங்களம் தெரியும். நெஞ்சுக்குள் நடப்பதைச் சொல்கிற சிங்களம் தெரியாது. அதைத் தமிழில் சொல்லவே எனக்குச் சொல் இல்லாத காலம் அது. மாமா மொழிபெயர்த்தார். நான், “சாகப் போற மாதிரி இருக்கு, ராவுல தூக்கம் இல்ல, அழுகை வருது” என்றேன். மாமா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, தலைசுற்றும் வயிற்றுவலியும் என்று சொன்னார். அந்த அளவு சிங்களம் எனக்குப் புரிந்தது. மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். கலியாணம் ஆக வேண்டிய பிள்ளை, பின்னால் வரிசையில் நம் தோட்டத்து ஆட்கள் நான்கு பேர், அவர் வேறு என்ன செய்வார்? வயிற்றுவலிக்கு மருந்து எடுத்துக்கொண்டு வந்தோம்.

எங்கள் பக்கம் ஒரு வசவு உண்டு. “அங்கொடைக்கு அனுப்பணும் ஒன்ன” என்பார்கள். சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும். அங்கொடையில் இருக்கும் தேசிய மனநல நிறுவகம்தான் 1926 என்ற இலவச உதவி எண்ணை நடத்துகிறது. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். அது இருப்பது பெரிய விஷயம். இதை வாசிக்கிற பிள்ளை யாருக்காவது மனசு தாங்கவில்லை என்றால், செத்துப்போகலாம் என்று தோன்றினால், தயவுசெய்து அந்த எண்ணுக்கு அழையுங்கள். சிறுவர்களுக்கு 1929 இருக்கிறது. வசவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அழைப்பதால் யாரும் உங்களை எங்கேயும் கூட்டிக்கொண்டு போகப் போவதில்லை. 

ஆனால் அதிகாரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் அந்த எண்ணை ஒரு முறை அழுத்தினேன். அழுத்திவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தார், அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார், சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை. வெளியே மழை. அந்தப் பக்கம் யாரோ எடுத்து வணக்கம் சொன்னார்கள். நான், “மன்னிக்கணும், நம்பர் மாறிருச்சு” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என்னைத் தூக்கி எடுத்தது ஒரு டீச்சர். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. பாடசாலை நூலகத்தின் பின்னால் கிழிந்த புத்தகங்கள் போடுகிற ஒரு சின்ன அறை. அதன் சாவியை என் கையில் தந்து, “மூச்சு முட்டினா இங்க வந்து உக்காரு. கதவச் சாத்திக்க. நான் வெளிய இருக்கேன்” என்றார். ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. இரண்டு வாரம் அங்கே போய் அழுதேன். மூன்றாம் வாரம் அவரிடம் பேசினேன். இந்த மாதிரி நெஞ்சு அடிப்பதால் சாவு வராது, பத்து நிமிடத்தில் அடங்கும், மூச்சை மெதுவாக விடு என்று அவர்தான் முதலில் சொன்னார். பிறகு தமிழ் பேசுகிற ஒரு வைத்தியரிடம் அவரே கூட்டிப் போனார். அதனால்தான் இன்று உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த டீச்சர்தான் எங்கள் பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பு. அதோடு வரலாறு, குடியியல், ஏழாம் வகுப்பின் வகுப்பாசிரியர், சாரணியர். தம்பியின் பாடசாலையில் அந்தப் பொறுப்பு யாரிடம் இருந்தது என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

பெரியவர்கள் சொல்வது என் காதில் விழுகிறது. “நாங்க படாத பாடா? எழுபத்து நாலு பஞ்சத்துல மரவள்ளிக்கெழங்கக் கூடப் பாக்கல. எங்களுக்கு மனநோயா வந்துச்சு?” இதைச் சொல்கிறவர்களை நான் எதிர்த்துப் பேசுவதில்லை. எங்கள் அம்மாயி அந்தப் பஞ்சத்தில் தன் தங்கையைப் பறிகொடுத்தவர். ஆனால் தம்பிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று வீட்டில் முதலில் சொன்னதும் அம்மாயிதான். “சோம்பேறி இல்லடி அவன். என் தங்கச்சி போனப்புறம் எங்காத்தா இப்புடித்தான் செவத்தப் பாத்துக்கிட்டு இருந்துச்சு” என்றார். ஆக, அப்போதும் வந்திருக்கிறது. பார்த்துப் பெயர் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மனசு விஷயத்தில் அரசாங்கம் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. கடும் நஞ்சான விவசாய இரசாயனங்களைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டத்தை 1998இல் நீக்கினார்கள். அந்த எண் பாதிக்கும் கீழே இறங்கியது. இரசாயனங்களைத் தடுத்ததுதான் முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மேசையில் இருந்து எடுத்த முடிவுகள் பிழைக்க வைத்த ஆயிரக்கணக்கான பேர் இன்று நம் நடுவில் நடமாடுகிறார்கள். அவ்வளவு பெரிய முடிவைக்கூட நான் உங்களிடம் கேட்கவில்லை.

கேட்பது ஓர் அறை. கதவு இருக்கிற, உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிற, வெளியே சத்தம் போகாத ஓர் அறை, ஒவ்வொரு பெரிய பாடசாலையிலும். விளையாட்டுச் சாமான் போடுகிற அறையைக் காலி செய்தாலும் போதும். பெயர்ப்பலகை போட வேண்டாம். ‘உளவளத்துணை நிலையம்’ என்று பெரிதாக எழுதி வைத்தால் எந்தப் பிள்ளையும் அந்தப் பக்கம் போகாது. அந்த அறையில் தமிழ் பேசுகிற, அந்த வேலைக்கென்றே படித்த ஒருவர். வரலாறும் சாரணியமும் அவர் தலையில் கட்டாத ஒருவர். ஒரு பாடசாலைக்கு ஒருவர் முடியாது என்றால் மூன்று பாடசாலைக்கு ஒருவர், ஆனால் இந்தக் கிழமை இந்த நாள் வருவார் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

சுகாதார வைத்திய அதிகாரி அவர்களே, இளையோருக்காக ‘யொவுன் பியச’ என்ற பெயரில் நிலையங்கள் வைத்தியசாலைகளில் இருக்கின்றன. நல்ல ஏற்பாடு. என் மாலை வகுப்பில் பதினாறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டேன். ஒருத்தி அது சிங்கள நாடகமா அக்கா என்றாள். பெயரைத் தமிழிலும் சொல்லுங்கள், சொல்லிக்கொண்டு தோட்டத்துக்கு வாருங்கள். மாதத்துக்கு ஒரு முறை டிஸ்பென்சரியில் ஒரு தமிழ் பேசும் வைத்தியரோ தாதியோ உட்கார்ந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். வேலை நாளில் வைத்தால் தாய் ஒரு பேரை இழந்துதான் பிள்ளையைக் கூட்டிவர வேண்டும், கூட்டிவர மாட்டார். நோயாளியின் உறவினரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அது வயிற்றுவலியில்தான் முடியும்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் செயலமர்வு வேண்டாம். பெனர் கட்டி, குத்துவிளக்கு ஏற்றி, மூன்று பேர் தலைமையுரை ஆற்றி, ‘இளைஞர்களே எழுந்திருங்கள்’ என்று ஒருவர் உற்சாகமூட்டி, பிஸ்கட் பக்கெட் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவது. நான் அப்படி நான்கு பார்த்துவிட்டேன். பிஸ்கட் நன்றாக இருந்தது.

இனி, பாடசாலைக்கே திரும்பாத பிள்ளைகள். 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது சட்டம். அந்த வயதைத் தாண்டிய மறுநாள் அந்தப் பிள்ளையை யாரும் தேடுவதில்லை. தோட்டத்தில் பேர் பதியாததால் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் இல்லை. பாடசாலை இடாப்பில் வெட்டியாயிற்று. கொழும்பில் கடை முதலாளி எந்தப் பதிவும் வைப்பதில்லை. 1948 குடியுரிமைச் சட்டத்தோடு எங்கள் பாட்டன் பூட்டன் பெயரெல்லாம் ஏட்டிலிருந்து போனது. அதைத் திரும்ப எழுத எத்தனை தலைமுறை ஆனது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இப்போது வீட்டுக்கு ஒரு பெயர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. வலயத்தில் முறைசாராக் கல்விக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. லயம் லயமாக ஏறி இறங்குகிற மிட்வைஃப் அம்மாவுக்கு எந்த வீட்டில் எந்தப் பிள்ளை பகலில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது என்று தெரியும். இருவரையும் ஒரு மேசையில் உட்கார வையுங்கள். அவருடைய பதிவேட்டில் ஒரு நிரல் கூட்டிக்கொடுங்கள். அதற்கான நேரத்தையும் கொடுங்கள், ஏற்கெனவே அவருக்கு முதுகு ஒடிகிற வேலை.

நான் என் பங்குக்குக் கொஞ்சம் செய்து வைத்திருக்கிறேன். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, எங்கள் தோட்டத்தின் மூன்று டிவிசனிலும் வீடு வீடாகப் போய், 2020க்கும் 2022க்கும் இடையில் பாடசாலையை விட்ட பிள்ளைகளைக் கேட்டேன். எந்த வகுப்பில் நின்றது, இப்போது எங்கே, கடைசியாக எப்போது வீட்டாரோடு சிரித்துப் பேசியது. மூன்றாவது கேள்விக்குப் பல தாய்மார் பதில் சொல்லவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பெயர்களை இங்கே எழுத மாட்டேன், அவை அந்தப் பிள்ளைகளுக்குச் சொந்தமானவை. நீங்கள் நேரில் வந்தால், ஒவ்வொரு வீட்டாரையும் கேட்டுவிட்டு, சம்மதித்தவர்களின் பக்கத்தைக் காட்டுகிறேன். 

வருவதாக இருந்தால் வாகனத்தை ஆஸ்பத்திரிச் சந்தியில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள், மழைக்கு மேல் பாதை சறுக்கும். ஞாயிறு பின்னேரம் நல்லது. தம்பி மாதத்துக்கு ஒரு ஞாயிறு வருகிறான். போன முறை வந்தபோது மாலை வகுப்பு நடக்கிற மண்டபத்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். ஒரு பையன் பின்னம் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தான். தம்பி உள்ளே வரவில்லை. வெளியில் நின்றபடியே, “கீழ இருக்கறத மொதல்ல ஒன்னாக்குடா” என்றான். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு அக்கா,
ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்திலிருந்து.